சிஸ்டர் முடித்துவைத்த வாக்கியங்கள்

தொழிற்சாலைகள் சட்டத்தின் நாற்பத்தெட்டாவது பிரிவைப் படித்தவர்கள் குறைவு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வெளிச்சமும் காற்றும் வேண்டும், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் கீழ் வந்த விதிகள், பிள்ளைகளைக் கழுவிவிட இடமும் சோப்பும் துண்டும் சுத்தமான துணியும் ஆலையே தர வேண்டும் என்கின்றன. சுத்தமான துணி எதற்கு? பிள்ளைகள் துணியில் போய்விடுவார்கள் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப் போகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம் என்று எந்த விதியிலும் உள்விதியிலும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். தேடுவதற்குத்தான் அரசாங்கம் எனக்கு முப்பத்தைந்து வருஷம் சம்பளம் கொடுத்தது.

ராஜபாளையத்தில் என் மனைவி வேலை பார்த்த நூற்பாலையில் இந்தப் பிரிவு செல்லுபடியாகவில்லை. அங்கே சிஸ்டர் இருந்தார்.

அவர் கன்னியாஸ்திரி அல்லர். நர்ஸும் அல்லர். யாருக்கும் அவர் அக்காவோ தங்கையோ என்றும் கேள்விப்பட்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டி, ஆம்பளைக் கடிகாரம் ஒன்றை மணிக்கட்டில் மாட்டியிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் ராஜபாளையம் வருவார். அதே நேரத்தில் நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்பேன். எங்கள் பஸ்கள் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டியிருக்கும். அதோடு நின்றிருக்கலாம்.

சிஸ்டரிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னதில்லை. தொடங்கினால் போதும், மீதியை அவர் முடித்துவைப்பார். கேட்காத காது என்று சொல்ல முடியாது. நன்றாகத்தான் கேட்பார், முதல் இரண்டு சொற்களை மட்டும். அதற்குமேல் கேட்பதை வீண் செலவாக நினைத்தார் போலிருக்கிறது. கண்டக்டர் வாயைத் திறக்குமுன் "சில்லறை இல்ல, பொறவு தாரேன்" என்பார். அவன் சொல்ல வந்தது, படியில் நிற்காமல் உள்ளே வாருங்கள் என்று.

காப்பகத்தை ஆலையில் கிரெச் என்பார்கள். அங்கே பிள்ளையை விட வந்த ஒரு பெண் ஒருநாள், "நேத்து இருக்கங்குடி போனோம் சிஸ்டர், அங்க வச்சுப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள். "வயித்தால போகுது, அதானே? கூட்டத்துல தண்ணி குடுத்தா அப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, உப்பும் சர்க்கரையும் கரைத்து வைக்க ஆள் அனுப்பிவிட்டார் சிஸ்டர். அவள் சொல்ல வந்தது மொட்டை போட்டதைப் பற்றி. மொட்டைத் தலை அவர் கண் முன்னால் சந்தனத்தோடு மின்னிக்கொண்டிருந்தது. பிள்ளை அன்று முழுவதும் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தது.

இந்தப் பழக்கத்தால் நன்மை நடந்ததும் உண்டு, மறைக்கமாட்டேன். ஆலை மேனேஜர் ஒருமுறை வந்து, "சிஸ்டர், பிள்ளைகளுக்குக் குடுக்குத பால..." என்று இழுத்தாராம். "கூட்டணும்னுதானே சார்? நானே வந்து கேக்கணும்னு இருந்தேன், ஒங்களுக்குப் பெரிய மனசு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேனேஜர் வந்தது குறைப்பதற்கு. அத்தனை தாய்மார் முன்னால் அவரால் வாக்கியத்தைத் திருத்த முடியவில்லை. பால் கூடியது.

இன்னொன்றும் உண்டு. தளவாய்புரத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், பால் கொடுக்கப் போகும் வேளைக்குச் சங்கு ஊதியதும் பழைய நினைப்பில் நடந்து கிரெச் வாசலுக்கே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. "நான் சும்மா..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. சிஸ்டர் எழுந்து போய், "சும்மாதான் வந்த. வா, இரி. இந்தப் பிள்ளயோட அம்மைய மாத்திவிட இன்னும் ஆள் வரல, செத்த நேரம் மடியில வச்சுக்க" என்று ஒரு குழந்தையைக் கொடுத்து உட்காரவைத்தார். அந்தப் பெண் ஒருமாதம் போல அந்த வேளைக்கு வந்து உட்கார்ந்து போனாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இதை என் மனைவிதான் என்னிடம் சொன்னாள். ஆனால் என் வழக்கு வேறு.

என் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. எண்பத்தாறாம் வருஷம். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். என் மனைவி அந்த நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டுக்கார அம்மாள்தான் பகலில் பையனைப் பார்த்துக்கொண்டார். மற்ற வீடுகளில் தாய்மார் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வயதில், எங்கள் பையன் பிரமாதமாகப் பழகிவிட்டான். வயிறு முட்டியதும் "தொட்டி, தொட்டி" என்று கொல்லைப்புறம் ஓடுவான். வெளிக்குப் போவதைத் தெலுங்கில் அந்த அம்மாள் அப்படித்தான் சொல்வார். அவர் வாயில் அது கொஞ்சம் கனமாக உருளும். பையனின் பால்பல் வாயில் அது மெலிந்துவிட்டது. நாங்களும் வீட்டில் அதையே சொல்லிப் பழகி, அது தெலுங்கு என்பதையே மறந்துவிட்டோம்.

பிறகு அந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். பையன் கிரெச்சுக்குப் போனான்.

எங்கள் பக்கத்தில் தொட்டிலைத் தொட்டி என்றுதான் சொல்வோம். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிரெச்சில் உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கின. என் மகன் போய் நின்று, "தொட்டி" என்றான். தூக்கித் தொட்டிலில் போட்டார்கள். அவன் சத்தமாகச் சொன்னான். அவர்கள் வேகமாக ஆட்டினார்கள்.

முதல் நாளே என் மனைவி எச்சரித்திருக்கிறாள். "சிஸ்டர், அவன் தொட்டின்னு சொன்னாம்னா..." என்று தொடங்கியிருக்கிறாள். "தூக்கம் வருதுன்னு அர்த்தம். தெரியும்மா, எத்தன பிள்ளய பாத்திருக்கேன். நீ வேலயப் பாரு, போ" என்றாராம் சிஸ்டர். தெரியும் என்ற சொல்லை நம்பி அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். தகுதிகாண் பருவத்தில் இருந்தவள். அந்த வருஷத்துக்குள் நிரந்தரமாக வேண்டும். கூடச் சேர்ந்தவர்கள் நாலைந்து பேர். வேலையில் இவள்தான் கெட்டிக்காரி என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார்.

அடுத்த சில வாரங்களில் அவளை வேலையிலிருந்து அடிக்கடி கூப்பிட்டு அனுப்பினார்கள். தொட்டில் நாசமாகிவிட்டது, வந்து அலசிவிட்டுப் போ என்று. மாற்றுத் துணியும் சோப்பும் யார் பொறுப்பு என்பது பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். இவள் நூலை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். இவள் இல்லாத நேரத்தைக் குறித்துவைக்க அந்தப் பகுதியில் ஆள் இருந்தார்.

சிஸ்டருக்கு ஒரு முறை உண்டு. காலைச் சங்கு ஊதியதும், நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் பின்வராந்தாவில் ஓட்டை போட்ட ஒரு நீளப் பலகையில் உட்கார வேண்டும். கீழே எனாமல் சட்டிகள் இருக்கும். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டே, "நீ முடிச்சிட்ட, எந்திரி. நீயும் முடிச்சிட்ட" என்பார். வாக்கியத்தை மட்டும் முடித்துவைப்பவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அவர் அதையும் முடித்துவைத்தார். எழுப்பிவிடப்பட்ட பிள்ளைகள் மீதியைச் சமையல் கொட்டகைப் பக்கம் போய் முடித்துக்கொண்டன.

என் மகன் பலகையில் உட்காரமாட்டேன் என்றான். பிடித்து உட்காரவைத்தால் விறைத்துக்கொண்டு கத்தினான். பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டு, அடக்க ஆரம்பித்தான். வீட்டில் கதவுக்குப் பின்னால் போய் இரண்டு முட்டியையும் ஒட்டிவைத்துக்கொண்டு, முகம் சிவந்து நிற்பான். கொல்லைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். வயிறு கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். "பிள்ள எதுக்கோ பயப்படுதான், என்னன்னு பாருங்க" என்றார். அந்தச் சொல்லைச் சொல்வதையே அவன் விட்டுவிட்டான். பழகிய பிள்ளையைப் பழகாத பிள்ளையாக்கிவிட்டு, உங்கள் பிள்ளைக்குப் பழக்கமில்லை என்று எங்களிடமே சொல்லி அனுப்பினார்கள்.

நான் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அனுமதி வாங்கிக்கொண்டு, முறைப்படிதான் போனேன்.

"வணக்கம் சிஸ்டர். சட்டப்படி..." என்றேன்.

"பிள்ளய ரெண்டு வயசுக்குள்ள பழக்கிறணும். படிச்சவுக நீங்களே அதச் சொல்லுதிய, ஒங்க வீட்டுல கேக்க மாட்டேங்கா."

மூச்சு வாங்கிக்கொண்டு வேறு பக்கமாகத் தொடங்கினேன். "அவன் தொட்டின்னு சொல்லுதது..."

"ஒறக்கத்துக்குத்தான். தெரியும் சார். போட்டதும் செத்த நேரத்துல அடங்கிருவான், நல்ல பிள்ள. பொறவுதான் வேலயக் காட்டுவான்."

அடங்கிருவான் என்றார். மூலையிலிருந்த தொட்டில் ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சேலை விளிம்புக்கு மேல் இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. நான் இன்னொரு வாக்கியம் தொடங்கினேன். அது என்னவென்று எனக்கு நினைவில்லை. முடிந்தது அவருடைய வாக்கியம், "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா, போயிட்டு வாங்க" என்று. நான் வெளியே நின்றிருந்தேன். ஆறு தாசில்தார்களிடம் வேலை பார்த்தவன் நான். ஒருவர்கூட என்னை அவ்வளவு சுத்தமாக வெளியே அனுப்பியதில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆலை ஆபீசுக்கு சிஸ்டர் ஒரு அறிக்கை கொடுத்தார். பிள்ளை பழக்கத்துக்கு ஒத்துவரவில்லை, அதனால் தாய் வேலை நேரத்தில் அடிக்கடி வர நேர்கிறது என்று. என் மனைவியிடம், "திங்கக்கெழமையிலேருந்து கூட்டியாராத" என்று சொல்லிவிட்டார். பிள்ளையைக் கூட்டிவர முடியாவிட்டால் அவளும் வர முடியாது. எங்கள் வீட்டில் வேறு யாரும் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம், பையனை எடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றாள்.

"சிஸ்டர், தொட்டின்னா தெலுங்குல..." என்றாள். நிறுத்திவிட்டாள்.

அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் நிறுத்தினேன் என்று அவள் சொல்வாள். இருக்கலாம். சிஸ்டரிடம் பேசுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே சரியான நடைமுறை அதுதான் என்பது என் கருத்து. சிஸ்டர் வழக்கம்போல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தெலுங்கு ஒரு சொல் தெரியாது. தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி உதவவில்லை.

"தெலுங்குல என்னம்மா?" என்று கேட்டார் சிஸ்டர்.

அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

"வெளிக்கிப் போறது, சிஸ்டர்."

சிஸ்டர் தொட்டிலைப் பார்த்தார். பிறகு திரும்பி, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியிலிருந்து வரும் அந்த ஆயாவை, "ஏட்டி, பிள்ள வாயத் தொறந்து கேக்கான், நீ தூக்கித் தொட்டியில போடுதியே, மனுசியா நீ?" என்று ஒரு பிடி பிடித்தார். ஆயா தலையைக் குனிந்துகொண்டார். போடச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் தேவை. அது மட்டும் சிஸ்டரிடம் இல்லை.

ஆனால் இதையும் எழுத வேண்டும். பையனைத் தாமே தூக்கிக்கொண்டு பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போனார். கஞ்சிச் சேலை மண்ணில் புரள எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது, ஊதட்டும் என்று உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கூட்டிவராதே என்று சொன்ன பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. இவள் கூட்டிப் போனாள், அவர் வாங்கிக்கொண்டார். அன்றும் வேப்பமரத்தடி, மறுநாளும். கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் விளையாடக் கொடுத்திருப்பார். "முடிச்சிட்ட" என்று ஒருமுறைகூட சொல்லவில்லை என்று என் மனைவி சொன்னாள். பிள்ளைக்குப் பயம் தெளிய மாதங்கள் ஆயின. தெளிந்தது. அதை அவர்தான் செய்தார். கெடுத்ததும் அவர்தான் என்பதால் இரண்டையும் கழித்து வரவு வைக்க நான் மறுக்கிறேன்.

ஏனென்றால் அந்த அறிக்கையை அவர் திரும்பப் பெறவில்லை. இவள் போய்க் கேட்டபோது, "அதெல்லாம் ஆபீசுல பாத்துக்கிடுவாக" என்று முடித்துவிட்டார். ஆபீசில் பார்த்துக்கொண்டார்கள். கூடச் சேர்ந்தவர்கள் நிரந்தரமானார்கள், என் மனைவிக்குத் தகுதிகாண் பருவத்தை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். காரணம், வேலையிடத்தை விட்டு அடிக்கடி அகன்றது.

பேச்சில் இனி நம்பிக்கை இல்லை, எழுத்தை யாரும் பாதியில் மறிக்க முடியாது என்று முடிவு செய்து, தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினேன். பொருள், பார்வை, நடந்தது, கோரிக்கை என்று ஒழுங்காகப் பிரித்து எழுதிய மனு. பொருள் என்ற இடத்தில், "ஆலைக் காப்பகம் – தொட்டி என்ற சொல் – தவறான அறிக்கை – நீக்கக் கோருதல்" என்று போட்டேன். வீட்டுக்கார அம்மாள் வாயில் வேறாக ஒலிக்கும் அந்தச் சொல்லும் எங்கள் தொட்டிலும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத்தான் நிற்கும் என்பதால் ஒரு பத்தி விளக்கமும் சேர்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் ஒப்புகை வந்தது.

தொண்ணூறில் ஆலையில் ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். ஆலை, சேர்ந்த தேதியை விட்டுவிட்டு நிரந்தரமான தேதியை எடுத்துக்கொண்டது. கூடச் சேர்ந்தவர்கள் பட்டியலில் போட்ட கோட்டுக்கு மேலே நின்றார்கள். அந்த ஒரு வருஷத்தால் என் மனைவி கோட்டுக்குக் கீழே விழுந்தாள். இது செல்லாது, வழக்குப் போடலாம் என்றேன். "ஒரு மனுவுக்கே இன்னும் பதில் வரல" என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கும் வேலைக்குப் போகவில்லை. நூலைக் கண்டால் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்றும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதே கஞ்சி, அதே வெள்ளை. ஆள் இளைத்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பையனைப் பற்றி நான் சொல்லத் தொடங்குமுன்னே, "ரெண்டாப்பு போயிருப்பான்" என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

"எங்க வீட்டுல அவ வேல..." என்றேன்.

"நெரந்தரம் ஆயிருக்குமே. நாந்தான் அப்பவே சொன்னேன்லா, கெட்டிக்காரின்னு."

"இல்ல சிஸ்டர். வேல போயிட்டு. ஆள் கொறச்சப்போ, அந்த ஒரு வருசம் பிந்தினதுல."

அவர் தோளில் கிடந்த துணிப்பையை மறு தோளுக்கு மாற்றினார்.

"அப்ப நான் எழுதிக் குடுத்தது..." என்றார்.

அங்கேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கை முழுவதும் அடுத்தவர் வாக்கியங்களை முடித்துவைத்த ஒருவர், தன்னுடையதை யாராவது முடித்துத் தரமாட்டார்களா என்று நின்றதை அன்று பார்த்தேன். எனக்கு அதன் முடிவு தெரியும். எழுவாய், பயனிலையோடு தெரியும். நான் சொல்லவில்லை. ஆலங்குளம் பஸ் வந்து நின்றது. அது அவர் பஸ் அல்ல, இருந்தாலும் ஏறிவிட்டார் என்று நினைக்கிறேன். கூட்டம் நகர்ந்தபோது அவர் அங்கே இல்லை. பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

மனுவுக்குப் பதில் அதற்குப் பிறகு வந்தது. பொருள் என்ற இடத்தில் என் வரியைப் பாதியில் வெட்டி, "ஆலைக் காப்பகம் – தொட்டி – தொடர்பாக" என்று போட்டிருந்தார்கள். கீழே இப்படி இருந்தது: "மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. மேற்படி காப்பகத்தின் குடிநீர்த் தொட்டி நேரில் ஆய்வு செய்யப்பட்டு, பாசி அகற்றப்பட்டு, சுண்ணாம்பு அடிக்கப்பட்டு, மூடி பொருத்தப்பட்டுள்ளது. எனவே கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகக் கருதி மனு முடிக்கப்படுகிறது."

என் மனைவி வாங்கிப் படித்தாள். "மூடியெல்லாம் போட்ருக்காக" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்திருந்ததைப் பார்க்கப் போனாள்.

கடிதத்தின் மூலையில், ஆபீஸ் வழக்கப்படி, கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்தேன். 1991, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடியதற்கு மறுநாள்.